பாறையும் இறக்கமும் உள்ள மேட்டுக்காணிக்கு எத்தனை குதிரைவலு உழவு மெசின்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். நெடுங்கேணிப் பக்கம் பத்து ஏக்கர் மேட்டுக்காணி. ஆறு ஏக்கர் ஓரளவு சமம், மூன்று ஏக்கர் சரிவு, மிச்சம் பாறைத் திட்டு. சமத்தில் கச்சானும் உழுந்தும் போடவும், சரிவில் மாவும் கஜுவும் வைக்கவும் யோசனை. குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே கிறவல் பாதை, அதில் ஒரு இறக்கம். ஒரு கடைக்காரர் 24 குதிரைவலு காணும் என்கிறார், இன்னொருவர் 35 என்கிறார், மாமா 50க்குக் குறைய எடுக்காதே என்கிறார். எந்த உழவு மெசினை எடுப்பது?

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். 40க்கும் 47க்கும் இடைப்பட்ட போர்வீல் மெசின், அதாவது முன்சில்லும் சேர்ந்து இழுக்கிறது. அதற்குக் கை எட்டாவிட்டால், பின்சில்லு மட்டும் இழுத்தாலும் பரவாயில்லை, பாரமான பழைய 45 ஒன்று. 24 வேண்டாம். 50க்கு மேலும் வேண்டாம். ஆனால் நான் இந்த அளவுக்கு வந்தது ஏக்கர் கணக்குப் பார்த்து இல்லை. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது மலிவாக ஒன்றைக் காட்டினால் மனம் மாறிவிடும்.

ஏக்கருக்கு இத்தனை குதிரைவலு என்ற கணக்கு வயலுக்குச் சரி. பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் தட்டை வயலில் ஓடுகிறவருக்கு ஒரு நாளில் எத்தனை ஏக்கர் முடியும் என்பதுதான் கேள்வி. மெசின் பெரிதென்றால் கூலி உழவிலும் காசு வரும். உங்கள் பத்து ஏக்கரை 24ஆலும் உழுது முடிக்கலாம், நாள் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். ஆக உழவை வைத்து அளவைத் தீர்மானித்தால் சின்னதுதான் சரி என்று வரும். பிழை அங்கேதான். உங்கள் காணியில் மெசினுக்கு வருகிற மிக மோசமான வேலை உழவு இல்லை. பாரம் நிறைந்த இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு அந்தக் கிறவல் இறக்கத்தில் இறங்குவதுதான்.

ஒருக்கா கணக்குப் பாருங்கள். ஒரு கியூப் மணல் என்றால் 100 கன அடி, எடை ஏறக்குறைய நாலரைத் தொன். பெட்டி ஒரு தொன் என்று வையுங்கள். சாதாரண 45 குதிரைவலு மெசின் 1.9 தொன் அளவில் இருக்கும். எல்லாம் சேர்ந்து 7.4 தொன். பத்து அடிக்கு ஒரு அடி இறங்குகிற பாதையில் இந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 740 கிலோ, உங்களைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். எங்களுடைய பெட்டிகளில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. மெசினிலும் பிரேக் பின்சில்லுக்கு மட்டும்தான். பின்சில்லில் நிற்கிற எடை 1.2 தொன் அளவு, பெட்டியின் மூக்குப் பாரம் கொஞ்சம் அதோடு சேரும். உருளுகிற கிறவலில் சில்லு பிடிக்கக்கூடியது அந்த எடையில் பாதிகூட வராது. தள்ளுவதும் பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும், கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. பிரேக்கை அழுத்தினால் சில்லு நிற்கும், மெசின் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பெட்டி பின்னால் இருந்து திரும்பி மெசினைக் குறுக்கே தள்ளிவிடும்.

இந்தக் கணக்கில் எஞ்சின் 45ஆ 60ஆ என்பது எங்கே வந்தது? வரவேயில்லை. வந்தது மெசினின் எடையும், எத்தனை சில்லு பிடிக்கிறது என்பதும்தான்.

போர்வீல் என்றால் சேற்றிலும் ஏற்றத்திலும் இழுப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்களுக்கு அது முக்கியமாக இறங்குவதற்கு. இறங்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின்சில்லு இலேசாகிறது. அந்த நேரம் பின்சில்லில் மட்டும் இருக்கிற பிரேக், தேவையான இடத்தில் பாரம் இல்லாமல் கிடக்கும். போர்வீலைப் போட்டுவிட்டால் முன்சில்லும் பின்சில்லும் கியரால் கட்டப்பட்டுவிடும். பின்னால் பிரேக் பிடித்தால் முன்னாலும் பிடிக்கும், எஞ்சினின் தடுப்பும் நாலு சில்லுக்கும் போகும். மெசின் வாங்கிக் கொஞ்ச நாளில் சிலர் ரயர் தேயும் என்று போர்வீல் தடியைத் தொடுவதே இல்லை. தார் வீதியில் கழற்றிவிடுவது சரி. கிறவல் இறக்கத்தில் கழற்றி வைத்திருந்தால் அதற்குக் கொடுத்த காசு வீண்.

இதே இடத்தில் இன்னொன்று. மெசினின் வலது காலடியில் பிரேக் பெடல் இரண்டு இருக்கும், ஒன்று இடது சில்லுக்கு, மற்றது வலது சில்லுக்கு. வயலில் மூலை திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கொளுக்கி இருக்கும், பெரும்பாலும் கிறீஸும் மண்ணும் பிடித்து இறுகிப்போய்க் கிடக்கும். வயலை விட்டு வெளியே வரும்போது அதைத் தட்டி இரண்டு பெடலையும் ஒன்றாகக் கொழுவ வேண்டும். கொழுவாமல் இறக்கத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் பட்டால், ஒரு பக்கச் சில்லு நின்று மற்றது ஓடும், மெசின் அந்த இடத்திலேயே சுழலும். வாங்கப் போகும் மெசினில் அந்தக் கொளுக்கி இருக்கிறதா, விழுகிறதா என்று கையால் போட்டுப் பாருங்கள். ஏறிய கியரிலோ அதற்கு ஒன்று கீழேயோதான் இறங்க வேண்டும், அதையும் இறக்கம் தொடங்க முன்பே போட்டுவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூற்றலில் உருளவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிற டீசல் அரைக் கோப்பைத் தேத்தண்ணி அளவுகூட இராது.

சரி, உங்கள் இறக்கம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? மேசன் வேலைக்காரரிடம் மட்டம் ஒன்று வாங்குங்கள். பத்து அடி நேரான மரச்சலாகை ஒன்றை இறக்கத்தின் போக்கில் வைத்து, மேல் நுனி நிலத்தில் இருக்க, கீழ் நுனியைத் தூக்கி மட்டம் சரியாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கீழ் நுனிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். ஒரு அடி என்றால் நூற்றுக்குப் பத்து. இரண்டு அடி என்றால் நூற்றுக்கு இருபது, அதில் முழுக் கியூப் இறக்குகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள், எந்த மெசினாக இருந்தாலும். இரண்டு அடி எட்டு அங்குலம் வந்தால் அது 15 பாகை. இப்படிப் பாதையில் மூன்று இடத்திலும், சரிவுக் காணியில் ஆறேழு இடத்திலும் அளந்து எழுதி வையுங்கள். மெசின் விலை விசாரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

அந்த 15 பாகையை ஏன் சொன்னேன் என்றால், சரிவுக்குக் குறுக்கே மெசின் ஓட்டுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை அது. ஆனால் அந்த எல்லை சுத்தமான புல்வெளிக்கு. உங்கள் காணியில் கல் இருக்கிறது. இரண்டு பின்சில்லுக்கும் நடுவே நாலரை அடி என்று வையுங்கள். மேல்பக்கச் சில்லு அரை அடிக் கல் ஒன்றில் ஏறினால் அதுவே 6 பாகைச் சாய்வைக் கூட்டும். கீழ்ப்பக்கச் சில்லு அதே நேரம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் இன்னும் கூடும். ஆகவே கல் உள்ள சரிவில் பத்து அடிக்கு ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் குறுக்கே போகவே வேண்டாம். ஏறி இறங்கி ஓடலாம், ஆனால் மேலும் கீழுமாக உழுதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேல்மண் முழுக்கச் சாலில் ஓடிக் குளத்துக்குப் போய்விடும். மெசினுக்கு நல்ல திசை மண்ணுக்குக் கூடாது, மண்ணுக்கு நல்ல திசை மெசினுக்குக் கூடாது. இதற்கு என்னிடம் உள்ள ஒரே பதில், அந்த மூன்று ஏக்கரை உழவே வேண்டாம் என்பதுதான். குழி வெட்டி மாவும் கஜுவும் வையுங்கள், பொறுக்குகிற கல்லைச் சரிவுக்குக் குறுக்கே அணையாக அடுக்குங்கள், இடையில் புல்லை வெட்டி விடுங்கள். நீங்களும் மரம் வைக்கத்தானே நினைத்திருக்கிறீர்கள்.

குடைசாயாமல் இருக்க இரண்டு மலிவான வேலை உண்டு. பின்சில்லின் ரிம்மையும் நடுத் தட்டையும் மாற்றிப் பூட்டினால் அகலம் கூடும், பெரும்பாலான மெசினில் படிப்படியாக நாலு நாலு அங்குலமாகக் கூட்டலாம். வயல்காரர் வரம்புக்காகவும் பெட்டிக்காகவும் ஒடுக்கி வைத்திருப்பார்கள், பழையது வாங்கினால் அப்படியேதான் உங்களிடம் வரும். மற்றது பின் ரயருக்குத் தண்ணீர். வால்வு மேலே வரும்படி சில்லை நிறுத்தி, வால்வு மட்டம் வரை தண்ணீர் விட்டு, மிச்சத்துக்குக் காற்று. 13.6-28 அளவு ரயருக்கு ஏறக்குறைய 200 லீற்றர் பிடிக்கும். இரண்டு ரயருக்கும் 400 கிலோ, அதுவும் மிகத் தாழ்வான இடத்தில். இரும்புப் பாரம் வாங்குவதை விட இது எவ்வளவோ மலிவு. குளிர்நாட்டில் உறையாமல் இருக்க அதில் ஏதாவது கலக்க வேண்டும், வவுனியாவில் அந்தக் கவலை இல்லை. மழைக்கு வயலில் இறங்க முன் கொஞ்சத்தைத் திறந்து விடலாம், சேற்றில் பாரம் கூடினால் புதையும்.

மேலே போடுகிற வெயில் கூரையையும் உருளும்போது காக்கிற சட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெல்லிய குழாயில் தகரம் அடித்தது வெயிலுக்கு மட்டும், மெசின் புரண்டால் நசிந்துவிடும். சட்டம் என்பது பின் அச்சில் தடித்த போல்ட்டில் பூட்டின இரும்பு. அது உள்ள மெசினில் பெல்ட் கட்டாயம். அது இல்லாத மெசினில் பெல்ட் கட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் தப்பும். மட்காட்டில் ஆள் ஏற்றுவது வன்னியில் வழக்கம்தான், கோயிலுக்குப் போகும்போது இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் சரிவில் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

இனிக் கல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற புத்திமதியைக் கேட்கும்போது ஒன்றை ஞாபகம் வையுங்கள். அங்கே நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல், அலவாங்கால் குத்தினால் உடையும், பெயரும். நெடுங்கேணி, செட்டிகுளம், வவுனியா தெற்குப் பக்கமெல்லாம் கீழே கிடப்பது மிகப் பழைய கருங்கல். வெடுக்குநாறி மலை போன்ற மொட்டைப் பாறையாக அங்கங்கே வெளியே தெரிகிறது, மற்ற இடத்தில் கிறவலுக்கும் செம்மண்ணுக்கும் கீழே அரை அடியில், ஒரு அடியில் ஒளித்துக்கொண்டு கிடக்கிறது. மெசின் அதை உடைக்காது. கலப்பைதான் உடையும்.

ஆகவே கல்லுள்ள காணியில் மெசினின் அளவை விடப் பின்னால் என்ன பூட்டுகிறீர்கள் என்பது முக்கியம். ரொட்டவேற்றரை முதல் வருடம் வாங்கவே வேண்டாம். அதன் கத்தி சுழன்றுகொண்டு கல்லில் அடிக்கும். கத்தி உடைந்தால் பரவாயில்லை, அடி உள்ளே கியர்ப் பெட்டி வரை போகும். கல் தெறித்து ஆளிலும் படும். உங்களுக்கு நல்லது ஸ்பிரிங் வைத்த ஒன்பது கொழுக் கலப்பை. கொழு கல்லில் முட்டினால் பின்னால் மடிந்து, கல்லைத் தாண்டியதும் திரும்ப நிலத்தில் இறங்கும். ஸ்பிரிங் இல்லாத, இறுக்கிப் பூட்டின ஒன்பது கொழுவும் கடையில் இருக்கும், விலை குறைவு, கல்லுக் காணியில் அதன் கொழுக் கம்பு வளைந்தே முடியும். பாலை, முதிரை வெட்டின அடிக்கட்டையும் வேரும் உள்ள புதுக் காணிக்குத் தட்டுக் கலப்பை. அந்தத் தட்டு வேரிலும் கல்லிலும் ஏறி உருண்டு போகும், கொளுவி நிற்காது. இரண்டு தட்டுக்கு 35 குதிரைவலுவே காணும், மூன்று தட்டை நல்லாக இழுக்க 45 வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கதை. மூன்று முனையில் கலப்பையைப் பூட்டுகிற இந்த முறையை உருவாக்கியவர் ஹரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர், 1920களில். அதற்கு முன் கலப்பையைப் பெட்டி மாதிரிப் பின்னால் கொழுவி இழுத்தார்கள். கலப்பை கல்லில் முட்டினால் மெசின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். ஃபெர்குசனின் முறையில் கலப்பை முட்டும்போது, அதை மேலே பிடித்திருக்கிற மேல் கை மெசினின் முன்பக்கத்தை நிலத்தோடு அழுத்தும், இழுவை கூடினால் ஹைட்ரோலிக் தானாகவே கலப்பையை உயர்த்தும். 1953இல் அவருடைய கம்பனி மாஸி ஹரிசோடு சேர்ந்தது, எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற மாஸி 35, 135, 240 எல்லாம் அந்த வழிதான். நீங்கள் கவனிக்க வேண்டியது, ஆசனத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரோலிக்குக்கு இரண்டு தடி இருக்கும். ஒன்று கலப்பையை ஒரே உயரத்தில் வைத்திருக்கும், மற்றது இழுவையைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைக்கும். கல்லுக் காணியில் இரண்டாவதில்தான் உழ வேண்டும். பழைய மெசினில் பலருக்கு அது வேலை செய்யாமலே போயிருக்கும், வயலில் தேவைப்படாததால் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

இதே காரணத்துக்காக அடிக்கட்டை இழுக்கும்போது சங்கிலியைக் கீழே இழுவைக் கம்பியில் மட்டும் கட்டுங்கள். மேல் கையிலோ பின் அச்சிலோ கட்டினால் ஃபெர்குசனுக்கு முந்திய காலத்துக்கே போய்விடுவீர்கள்.

இப்போது குதிரைவலுவைப் பார்க்கலாம். பெட்டியும் பிரேக்கும் எடையைக் கேட்கின்றன. மூன்று தட்டும், பின்னர் எப்போதாவது வாங்கக்கூடிய ஐந்து அடி ரொட்டவேற்றரும் 40க்கு மேல் கேட்கின்றன. எஞ்சினில் எழுதியிருக்கிற 45இல் பின்னால் சுழலும் தண்டுக்கு வருவது 38, 39தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 50க்கு மேல் போனால் எடையும் நீளமும் கூடும், பாறைத் திட்டுகளுக்கு நடுவே திரும்ப இடம் வேண்டும், மரங்களுக்கு நடுவே போக முடியாது, டீசலும் கூட. 45 மெசின் இறுக்கமான உழவில் மணிக்கு 5, 6 லீற்றர் குடிக்கும், அதுவே காணும். மாமா சொல்வது கூலி உழவுக்குப் போகிறவருக்குச் சரி. வெளியில் ஓடப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு.

45இலேயே இரண்டு குணம் உண்டு. குபோட்டா எல்4508 போன்ற போர்வீல் 1.4 தொன்னுக்குள் நிற்கும். மஹிந்திரா 575 மாதிரிப் பின்சில்லு இழுக்கிற மெசின் 1.8, 1.9 தொன். இறுகின நிலத்தில் பின்சில்லு மெசின் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதற்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். போர்வீல் பாதிக்குக் கிட்ட இழுக்கும். ஆக இழுவையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வயல் சேற்றில் இலேசானது நல்லது, புதையாது. ஆனால் இறக்கத்தில் ஐந்தரைத் தொன் பெட்டியை 1.4 தொன் மெசின் பிடிக்க வேண்டி வரும்போது நாலு சில்லு பிடித்தாலும் பெட்டிதான் பெரியவன். ஆகவே இலேசான போர்வீல் எடுத்தால் ரயருக்குத் தண்ணீர் கட்டாயம், இறக்கத்தில் அரைக் கியூப்புக்கு மேல் ஏற்றக் கூடாது. இரண்டு முறை போய் வருவதில் ஒரு நட்டமும் இல்லை. பாரமான பின்சில்லு மெசின் எடுத்தாலும் அந்த இறக்கத்தில் அரைக் கியூப்தான்.

24 குதிரைவலு போர்வீலை ஏன் வேண்டாம் என்றேன்? மரத்தோட்டத்துக்குள் போய் வர, புல் வெட்ட, மருந்து அடிக்க அது அருமையான சாமான். உங்கள் காணி முழுக்க மாந்தோட்டமாக இருந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் சில்லு சின்னது, ஒவ்வொரு கல்லும் அதற்குப் பெரிய கல். அடிப்பாகம் தாழ்வு, கட்டையில் தட்டும். ஒடுக்கமானதால் சரிவில் சீக்கிரம் சாயும். பெட்டியோடு அந்த இறக்கத்தில் அதை நினைக்கவே வேண்டாம். ஜப்பானில் ஓடி வந்த பழைய சின்னப் போர்வீல்களும் சந்தையில் இருக்கின்றன, பார்க்க வடிவாக இருக்கும். வாங்க முன் வவுனியாவில் அந்த மொடலுக்கு வடிகட்டியும் கிளச் தட்டும் எடுக்க முடியுமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் யோசிக்கிற நேரத்திலேயே பதில் விளங்கும்.

லான்ட்மாஸ்ரர், அதாவது கைப்பிடி பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு மெசின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். சமநிலத்துக்கு, வயலுக்கு அதை அடிக்க வேறொன்றில்லை. இறக்கத்தில் அதற்கு ஒரு கெட்ட குணம். சமத்தில் இடது கைப்பிடியை அழுத்தினால் இடது சில்லு கழன்று மெசின் இடப்பக்கம் திரும்பும். பெட்டி தள்ளிக்கொண்டு இறங்கும்போது அதே இடது கைப்பிடியை அழுத்தினால், கழன்ற சில்லு வேகமாக உருள, மெசின் வலப்பக்கம் போகும். பழகினவர்களுக்குக் கை தானாக மாறிவிடும். புதிதாக ஓட்டுகிறவர் திரும்ப நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பள்ளத்தில் கிடப்பார்.

எல்லா வேலைக்கும் உங்கள் மெசினே போதும் என்று நினைக்காதீர்கள். பெரிய கல் பெயர்க்க, அடிக்கட்டை பிடுங்க, ஒரு தடவை மண் தோண்டுகிற பெக்கோ மெசினைப் பிடித்து ஒரே மூச்சில் முடியுங்கள். அந்த வேலைக்காக 60, 70 குதிரைவலு மெசின் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ஒரு நாளுக்குப் பிறகு அது வருடம் முழுக்கப் பாரமாக நிற்கும். ஆனால் உழவை மட்டும் கூலிக்கு விடாதீர்கள். எங்கள் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை, உழுவதற்குப் பதம் இருப்பது முதல் மழைக்குப் பிறகு கொஞ்ச நாள்தான். அந்த நாட்களில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அதே கூலி மெசின் வேண்டும். சொந்த மெசின் வைத்திருப்பதன் லாபம் அந்தக் கிழமையில்தான்.

பெக்கோ வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, இதைத் தள்ளிப்போடக் கூடாது. வவுனியா வடக்கு, முல்லைத்தீவுப் பக்கக் காணி என்றால் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். 2009க்குப் பிறகு ஒரு தடவைகூட ஆழமாக உழாத பற்றைக்காடு என்றால், பக்கத்துக் காணிக்காரர் ஒன்றும் இல்லை என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதும் அத்தாட்சி இல்லை. சந்தேகமாக ஏதும் கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அது தெளிவான பிறகு, முதல் மழையோடு அலவாங்கை எடுத்துக்கொண்டு சமமான ஆறு ஏக்கரையும் நடந்து பாருங்கள். மண் இளகியிருக்கும், குத்தினால் கல் எங்கே என்று கைக்கே தெரியும். தெரிந்த இடத்தில் சுண்ணாம்பு பூசின கம்பு ஒன்றை நடுங்கள். உழும்போது அந்த இடத்தில் கலப்பையைத் தூக்கி, தாண்டி, இறக்க வேண்டும். முதல் இரண்டு போகம் இப்படிச் செய்தால், பிறகு எந்தக் கல்லைப் பெக்கோவால் எடுக்க வேண்டும், எதை அப்படியே விட்டுச் சுற்றிப் போக வேண்டும் என்று காணியே சொல்லும்.

பழையது எடுக்கப் போனால், பெயின்ரைப் பார்க்காதீர்கள். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது போய், எத்தனை சுற்றில் பற்றுகிறது என்று பாருங்கள். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பாரமான கலப்பை ஒன்றைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கதைத்துக்கொண்டு நில்லுங்கள், கலப்பை மெல்ல இறங்கினால் ஹைட்ரோலிக்கில் கசிவு. பின் ரயரின் பட்டனைப் பார்ப்பதோடு பக்கச் சுவரையும் பாருங்கள், கல்லுக் காணியில் ரயர் தேய்வதில்லை, பக்கம் வெட்டுப்பட்டுத்தான் போகும். புத்தகத்தில் உள்ள இலக்கமும் சேசிஸ் இலக்கமும் ஒன்றா, பெட்டிக்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் சாரதி அனுமதிப் பத்திரத்தில் ஜி வகுப்பு இருக்க வேண்டும், ஜி1 என்பது லான்ட்மாஸ்ரருக்கு.

கடைசியாக, அளந்து பார்க்கும்போது பாதையின் இறக்கம் பத்து அடிக்கு இரண்டு அடிக்கு மேல் வந்தால், மெசின் காசிலிருந்து ஒரு பங்கை முதலில் பாதைக்கு எடுத்து வையுங்கள். பெக்கோ கல்லெடுக்க வருகிற அதே நாளில், நேராக இறங்குகிற பாதையைச் சரிவில் சாய்வாக வளைத்து வெட்டச் சொல்லலாம். நீளம் இரட்டிப்பானால் இறக்கம் பாதியாகும். வளைவில் மெசினும் பெட்டியும் சேர்ந்து திரும்ப இடம் விட்டு, மலைப்பக்கம் வாய்க்கால் ஒன்றும் எடுத்து, மேலே கிறவல் போட்டு ரோலர் ஓட்டுங்கள். அப்படி ஒரு பாதை இருந்தால், நான் சொன்ன அளவுக்குக் குறைந்த, பாரமில்லாத 35 போர்வீலும் உங்களுக்குச் சரிவரும்.